பழுதான எறியியும் செத்த லப்ரொப்பும்: சுவரில் படம் காட்ட ஒரு வழி

ஒரு கைத்தொலைபேசி, ஒரு சப்பாத்துப் பெட்டி, ஓர் உருப்பெருக்கி வில்லை. இந்த மூன்றும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே தியேட்டர் செய்யலாம் என்று காட்டும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னுடைய திருத்தகத்துக்கு வருகிற பிள்ளைகளில் மாதத்துக்கு ஒருவராவது அதைக் கொண்டுவந்து காட்டி, "மாமா, இது உண்மையே?" என்று கேட்கிறார்கள்.

உண்மைதான். சுவரில் படம் விழும். ஆனால் காணொளியில் தெரிகிற வெளிச்சத்தில் விழாது. சாதாரண கைத்தொலைபேசித் திரை முழு வெளிச்சத்தில் எல்லாத் திசைகளுக்குமாக அனுப்புகிற ஒளி ஏறத்தாழ 15 லூமன். லூமன் என்பது ஒளியை அளக்கும் அலகு. வீட்டில் எரிகிற ஒரு 9 வாற் எல்.ஈ.டி மின்குமிழ் 800 லூமனுக்குக் கிட்டத் தருகிறது. தொலைபேசியின் 15 லூமனிலும் வில்லைக்குள் நுழைவது, வில்லையின் அகலத்தையும் அது நிற்கும் தூரத்தையும் பொறுத்து, அறுபதில் ஒரு பங்கு அளவுதான். மிஞ்சுவது கால் லூமன். அதை ஒரு மீற்றர் அகலப் படமாக விரித்தால் சுவரில் விழுவது இரண்டு முழுநிலவு வெளிச்சம். கமெராவைச் சற்று நேரம் திறந்து வைத்து எடுத்தால் அதுவும் பிரகாசமாகத்தான் தெரியும். கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. வில்லை படத்தைத் தலைகீழாக்கும். தொலைபேசியைத் தலைகீழாக வைத்தால் படம் நிமிரும். ஆனால் இடம் வலமாக மாறிவிடும். பாட்டுக்காட்சி என்றால் யாருக்கும் தெரியாது. எழுத்து வந்தால் கண்ணாடிக்குள் பார்த்தது போல இருக்கும்.

ஆகவே சப்பாத்துப் பெட்டியைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்க்கட்டும். ஒளியியல் படிக்க அதைவிட மலிவான ஆய்வுகூடம் இல்லை. முப்பது பேர் இருந்து பார்க்கக்கூடிய படம் வேண்டுமென்றால் வேறு வழியால் போகவேண்டும். அந்த வழியை நான் செய்து பார்த்திருக்கிறேன். பெரும்பகுதி, எங்களுடைய ஊர்களில் தூசி பிடித்துக் கிடக்கிற பொருட்கள்தான்.

முப்பது பேர் ஏன் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். ஆளுக்கொரு தொலைபேசி இருக்கிற காலம் என்பார்கள். 2020 இல் பாடசாலைகளைப் பூட்டி, பாடங்களை இணையத்துக்கு மாற்றியபோது அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மை என்று வன்னியில் எல்லோரும் பார்த்தோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பன் கூலி வேலைக்குக் கொண்டுபோய்விட்டால் இல்லை. இன்றைக்கும் எங்கள் ஊரின் மாலை வகுப்பில் ஒரு விஞ்ஞானக் காணொளி காட்டுவதென்றால், ஆசிரியை தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வாங்கு வாங்காகக் கொண்டு திரிகிறார். கடைசி வாங்குக்கு வரும்போது மணி அடித்துவிடும். பல்லூடக எறியி ஒன்று புதிதாக வாங்க ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் வேண்டும். சனசமூக நிலையத்தின் சந்தாப் பணத்தில் அது ஆகிற காரியமல்ல.

சேர்ந்து படம் பார்ப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரி கூட வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அதற்குள்ளும் கோயில் திருவிழா, கலியாணம் என்றால் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓடும். 21 அங்குல ரீவி ஒன்றுக்கு முன்னால் ஊர் முழுவதும் இருக்கும். பின்வரிசைக்குப் படம் தெரியாது, வசனம் மட்டும் கேட்கும். நான் திருத்தத் தொடங்கியது அப்படியான ரீவிகளில்தான். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. இல்லாமையில் செய்த வேலைகளை யாரும் விரும்பிச் செய்யவில்லை. ஆனால் அப்போது கையில் வந்த பழக்கம், ஒரு பொருள் பழுதானால் அதற்குள் பழுதாகாமல் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம், இந்த வேலைக்கு நன்றாக உதவியது.

மூன்று பொருள்

எந்த எறியியும் மூன்று பொருள்தான்: பின்னால் ஒரு விளக்கு, நடுவில் ஒரு படம், முன்னால் ஒரு வில்லை. நெதர்லாந்து அறிஞர் கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் 1659 இல் செய்த மாய விளக்கிலும் இதே மூன்றுதான். அவர் கண்ணாடியில் வரைந்த படத்தை வைத்தார். நாங்கள் திரவப் பளிங்குத் திரையை, அதாவது எல்.சி.டி திரையை வைக்கிறோம்.

எல்.சி.டி திரை தானாக ஒளிர்வதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஒரு நிறக் கண்ணாடி மாதிரி. பின்னால் இருக்கும் விளக்குத் தட்டு ஒளிர, முன்னால் இருக்கும் கண்ணாடி எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளியை விடுவது என்று தீர்மானிக்கிறது. ஆகவே விளக்குத் தட்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது, மின்சாரத்தால் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு சிலைட். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் அந்தக் கண்ணாடி பயங்கரமாக ஒளியைத் தின்னும். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் முனைவாக்கித் தாள்கள் பாதிக்கு மேல் விழுங்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். புள்ளிகளுக்கு இடையிலுள்ள கறுப்புக் கோடுகளும் தங்கள் பங்கை எடுக்கும். 100 லூமன் உள்ளே போனால் 5 அல்லது 6 லூமன் வெளியே வரும், அதுவும் திரை முழு வெள்ளையாக இருக்கும்போது. இந்தக் கணக்கு விளங்கினால் மிச்சமெல்லாம் விளங்கும்: விளக்கு பலமாக இருக்கவேண்டும், அதன் ஒளி வீணாகச் சிதறக்கூடாது, திரை தின்ற ஒளி வெப்பமாக மாறுவதால் அந்த வெப்பத்தை உடனே வெளியேற்றவேண்டும்.

மேந்தலை எறியி என்ற புதையல்

ஒளி சிதறாமல் பார்ப்பதற்கு நல்ல ஒளியியல் தேவை. அதைச் செய்துவைத்த பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிளாஸ்ரிக் தாளில் பேனையால் எழுதி, கண்ணாடி மேசையில் வைத்து, சுவரில் காட்டுகிற மேந்தலை எறியி. உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் ஆசிரியப் பயிற்சியென்றால் அது இல்லாமல் நடக்காது. இப்போது அதன் மின்குமிழ் தேடினாலும் கிடைப்பதில்லை. அதனால் நல்ல வில்லைகளோடு களஞ்சிய அறைகளில் தூங்குகிறது.

அதன் கண்ணாடி மேசைக்குக் கீழே, வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்ரிக் தகடு இருக்கும். இதுதான் ஃபிரெனல் வில்லை. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒகுஸ்தான் ஃபிரெனல் 1820களில் கலங்கரை விளக்குகளுக்காக இதைக் கொண்டுவந்தார். ஒரு தடித்த வில்லையின் வளைந்த மேற்பரப்பை மட்டும் வளையம் வளையமாக நறுக்கித் தட்டையாக அடுக்கினால் எப்படியோ அப்படி. கீழே இருக்கும் விளக்கின் ஒளியை மேசை முழுவதும் பரப்பி, மறுபடி ஒன்றுகூட்டி, மேலே கம்பத்தில் இருக்கும் தலை வில்லைக்குள் அனுப்புவது இதன் வேலை. தலை வில்லைக்கு அருகில் ஒரு சரிந்த ஆடி இருக்கும். அது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பும்போதே இடம் வலம் மாறுகிற சிக்கலையும் தீர்த்துவிடும். சப்பாத்துப் பெட்டியில் இல்லாதது இந்த இரண்டும்தான்.

தெரிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளக்கு அடிப்பெட்டிக்குள் இருக்கவேண்டும். அடிப்பாகம் தட்டையாகவும் விளக்கு மேலே தலைக்குள்ளும் இருக்கும் மடிக்கக்கூடிய வகை ஒன்று உண்டு. அதில் ஒளி மேலிருந்து வந்து, அடியில் தெறித்து, மறுபடி மேலே போகும். எல்.சி.டி திரையை இரண்டு தரம் கடந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பாடசாலையில் கிடப்பது அரசாங்கச் சொத்து. பழுது என்றாலும் பதிவேட்டில் இருக்கும். அதிபரிடம் கேட்டு, பதிவிலிருந்து நீக்கி ஏலத்தில் விடும்போது எடுங்கள். நான் எடுத்தது அப்படி ஏலத்தில் வந்ததுதான், 1,500 ரூபா. இரும்பு நிறைக்கு விற்கிறவர்களிடம் போனால் முதலில் உடைபடுவது ஃபிரெனல் தகடு; அதற்கு முன் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேந்தலை எறியி கிடைக்காவிட்டால் ஃபிரெனல் தகடுகளைத் தனியாக வரவழைத்து, பிளைவூட்டில் பெட்டி அடித்து, விளக்கு, முதல் தகடு, திரை, இரண்டாம் தகடு, வில்லை என்று வரிசையாக நிறுத்தலாம். தகடுகளின் கோடு போட்ட பக்கம் இரண்டும் திரையைப் பார்க்கவேண்டும். விளக்கு முதல் தகட்டின் குவியத் தூரத்தில் நிற்கவேண்டும். முடியாத வேலை அல்ல. ஆனால் ஒரு மில்லிமீற்றர் இரண்டு மில்லிமீற்றரோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டவேண்டும்.

திரையைக் கழற்றுதல்

மேசை ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் சதுரம். அதற்குள் முழுதாக அடங்கக்கூடிய திரை வேண்டும். ஒரு காலத்தில் நிறைய விற்ற சின்ன லப்ரொப்களின் 10.1 அங்குலத் திரை 22 க்கு 12.5 சென்ரிமீற்றர், அளவாக இருக்கும். மதர்போர்ட் செத்த சின்ன லப்ரொப்கள் திருத்தகங்களில் சும்மாவே கிடக்கின்றன. திரை வேலை செய்தால் போதும்.

திரையின் பின்பக்கத்தில் ஒரு மாதிரி இலக்கம் ஒட்டியிருக்கும். அந்த இலக்கத்தைக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற, எச்.டி.எம்.ஐ வாங்கியுள்ள கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வரவழைக்கவேண்டும். முழுச் செலவில் பெரியது அதுதான். எனக்கு 5,500 ரூபா போனது. முதலில் விளக்குத் தட்டைக் கழற்றாமலே பலகையைப் பூட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு தொடங்கலாம்.

உலோகச் சட்டத்தைச் சுற்றிவரத் தூக்கினால் விளக்குத் தட்டு, வெள்ளைத் தாள்கள், ஒளி பரப்பும் பிளாஸ்ரிக் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். கடைசியில் கையில் இருப்பது மெல்லிய கண்ணாடி. அதன் ஓரத்தில் ஒரு நீளமான சுற்றுப் பலகை, மெல்லிய நாடாக்களால் கண்ணாடியோடு ஒட்டியபடி பின்பக்கம் மடிந்திருக்கும். அதை மெதுவாக வெளிப்பக்கம் விரிக்கவேண்டும், இல்லையென்றால் அதன் நிழல் படத்தில் விழும். இந்த நாடாக்கள்தான் முழு வேலையிலும் உயிர்நாடி. ஒரு தரம் மடிந்து கீறல் விழுந்தால் திரையில் நிரந்தரமாக ஒரு கோடு. பற்றாசுக்கோல் எதுவும் இதைச் சேர்க்காது. விரித்த பலகையைக் கண்ணாடியோடு ஒரே தளத்தில் ஒரு மட்டைச் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள். பிறகு சட்டத்தை மட்டும் தொடுங்கள்.

பழைய மொனிற்றர்களைப் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் பின்விளக்கு பென்சிலிலும் மெல்லிய கண்ணாடிக் குழாய். அதற்குள் பாதரசம் இருக்கிறது, அதை எரிக்கும் பலகையில் பல நூறு வோல்ற் ஓடும். குழாயை உடைக்காமல் எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

விளக்கு

மேந்தலை எறியியின் பழைய மின்குமிழ் பெரும்பாலும் 24 வோல்ற், 250 வாற். ஒளியைவிடச் சூடுதான் அதிகம். அதன் இடத்தில் 100 வாற் எல்.ஈ.டி ஒன்றை வைக்கிறோம். வீதி விளக்கு, வெள்ள விளக்குகளில் வருகிற, மஞ்சள் சதுரம் உள்ள தட்டையான வகை. அந்தச் சதுரம் இரண்டு சென்ரிமீற்றர் அளவு. பழைய மின்குமிழின் இழை எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் சதுரத்தின் நடு வரவேண்டும். இது தவறினால் படத்தின் நடு வெளிச்சமாகவும் மூலைகள் இருட்டாகவும் வரும். கீழே கட்டைத் துண்டுகள் வைத்து ஏற்றி இறக்கிச் சரிபார்க்கலாம்.

எல்.ஈ.டிக்கு நேரடியாகப் பற்றரியைக் கொடுக்கக்கூடாது. மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் டிரைவர் வேண்டும். இந்த வகைக்கு 32 வோல்ற் அளவில் 3 அம்பியர். நான் அதை 70 வாற் அளவில்தான் ஓட்டுகிறேன். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடு நன்றாகக் குறையும், எல்.ஈ.டி நீண்ட நாள் இருக்கும்.

ஹீற் சிங் இல்லாமல் எல்.ஈ.டியை ஒரு கணமும் எரிக்கவேண்டாம், சில செக்கனில் கருகிவிடும். பழைய மேசைக் கணினிக்குள் செயலிக்கு மேலே இருக்கும் அலுமினியக் கட்டியும் விசிறியும் இதற்கென்றே செய்தது போல இருக்கும். நடுவில் வெப்பப் பசை பூசி, நான்கு திருகாணியால் இறுக்கினால் சரி. அலுமினியம் தேவை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. பற்றைக்குள்ளும் பழைய காவலரண் பக்கமும் கிடக்கிற உலோகத் துண்டுகளைத் தேடிப் போகவேண்டாம், பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். மிதிவெடி அகற்றியதாகச் சொன்ன இடங்களிலும் பழைய இரும்பு பொறுக்கப் போனவர்கள் கையையும் காலையும் இழந்திருக்கிறார்கள். கணினிக் கடைக் கழிவில் கிடைப்பது போதும்.

230 வோல்ற் பகுதியை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பூட்டுங்கள். பெட்டியின் உலோக உடலுக்குப் புவித்தொடுப்பு அவசியம். எரிகிற எல்.ஈ.டியை நேரே பார்க்கவும் கூடாது.

மின்சாரம் இல்லாத இரவுக்கும் இது சரிவரும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது நான் யோசித்தது இதைத்தான். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 32 வோல்றுக்கு உயர்த்தி, மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்துகிற சிறிய பலகைகள் இருக்கின்றன. எல்.ஈ.டியை 50 வாற் அளவில் ஓட்டினால், திரையும் விசிறிகளும் சேர்த்து பற்றரியிலிருந்து ஐந்தரை அம்பியர் போகும். 60 அம்பியர் மணி கார் பற்றரியைப் பாதிவரை பயன்படுத்தினாலே ஐந்து மணித்தியாலம். இரண்டு படம் பார்க்கலாம். பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரிதான் கெடும்.

சேர்த்துப் பூட்டுதல்

திரையை மேசைக் கண்ணாடியில் ஒட்டவைத்துவிடாதீர்கள். நான்கு மூலைக்கும் போத்தல் மூடி வைத்து ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தி, அந்த இடைவெளிக்குள்ளால் காற்று ஓடும்படி பக்கத்தில் ஒரு கணினி விசிறி பூட்டவேண்டும். திரையின் முகம் மேலே பார்க்கட்டும், பிளாஸ்ரிக் தாளை வைத்த மாதிரியே. திரையைச் சுற்றி மேசையில் மிஞ்சும் இடத்தைக் கறுப்பு மட்டையால் மூடாவிட்டால் சுவரில் படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் விழுந்து கண்ணைக் குத்தும்.

தூரக் கணக்கு சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்ததுதான். என் எறியியின் தலை வில்லையின் குவியத் தூரம் 31 சென்ரிமீற்றர். 22 சென்ரிமீற்றர் அகலத் திரையை ஒன்றரை மீற்றர் அகலப் படமாக்க ஏறத்தாழ 6.7 மடங்கு பெருப்பிக்கவேண்டும். அப்போது வில்லை திரையிலிருந்து 36 சென்ரிமீற்றரிலும், சுவர் வில்லையிலிருந்து 2.4 மீற்றரிலும் இருக்கவேண்டும். தலையை ஏற்றி இறக்கும் திருகு ஏற்கெனவே இருப்பதால் கணக்குப் பார்க்காமலும் கூர்மையாக்கலாம். ஆனால் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முதலில் கணக்கைச் செய்து சுவரில் சோக்கால் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டு, பிறகு எறியியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். கோட்டுக்கு இரண்டு விரல் பக்கத்தில் படம் கூர்மையானது. வில்லைச் சூத்திரம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைத்த பிள்ளைகள் அவர்கள்.

வெளிச்சம் எவ்வளவு? எல்.ஈ.டியின் ஆயிரக்கணக்கான லூமனில் வில்லைகள் பிடித்து, திரை தின்று, வெளியே வருவது 100 லூமன் அளவில். ஒன்றரை மீற்றர் அகலப் படத்தில் அது 80 லக்ஸ். பகலில் ஒரு வகுப்பறைக்குள் 300 லக்ஸ் இருக்கும். ஆகவே பகலில் யன்னலைத் திறந்து வைத்துப் பார்க்க ஆசைப்படவேண்டாம். இரவில், விளக்கணைத்தால், பின்வரிசைவரை முகம் தெரியும். படத்தின் ஓரங்கள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கல்தான். திரைக்குள்ளால் ஒளி சரிந்து போவதால் அது முழுதாகத் தீராது. தமிழ் எழுத்து காட்டுவதென்றால் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தத் திரையில் குறுக்கே 1,024 புள்ளிகள்தான் இருக்கின்றன; சுழிகள் நெருங்கினால் ண, ன வித்தியாசம் போய்விடும்.

முதல் நாள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரையின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தாங்காவிட்டால் காற்றுப் போதாது. மிஞ்சிய சூட்டில் திரவப் பளிங்கு சாதாரண திரவமாகிவிடும். படத்தின் நடுவில் கருமேகம் போல ஒன்று பரவும். உடனே அணைத்து ஆறவிட்டால் அது திரும்பி வரும். ஆனால் முனைவாக்கித் தாள் மஞ்சளாகிக் கருகினால் திரும்பாது. என் எறியியில் விசிறியைப் போட மறந்து எல்.ஈ.டியை மட்டும் எரிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே ஆளியில் கொடுத்திருக்கிறேன்.

திரைக்குச் செலவழிக்க வேண்டாம். மினுக்கம் இல்லாத வெள்ளைச் சுவர் நல்லது. படுக்கை விரிப்புக் கட்டினால் பாதி ஒளி பின்பக்கம் போய்விடும், அதற்குப் பின்னால் இன்னொரு துணி வேண்டும். எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது தேர்தல் முடிந்து கழற்றிய பனர் ஒன்றின் வெள்ளைப் பின்பக்கம். முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவரும் ஒரு சேவை செய்தார்தானே.

எனக்கு எல்லாமாக 13,600 ரூபா முடிந்தது. இதே பணத்துக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் சந்தையில் சின்ன எறியிகள் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும். அவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் ஓர் எல்.ஈ.டி, ஒரு எல்.சி.டி கண்ணாடி, ஃபிரெனல் தகடு, பிளாஸ்ரிக் வில்லை. நான் மேலே சொன்ன பெட்டிதான், சிறிதாக. பெட்டியில் 9,000 லூமன் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் எல்.ஈ.டியின் கணக்கு அல்லது வெறும் விளம்பரம். வாங்குவதானால் அன்சி லூமன் எவ்வளவு என்று கேளுங்கள்; சுவரில் விழுகிற ஒளியை அளக்கும் முறை அது. கடைக்காரர் அந்தச் சொல்லைத் தெரியாது என்றால் இருட்டறையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழுதானால் பாகம் கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். நான் செய்ததில் எந்தப் பாகம் போனாலும் எனக்கு அதைத் தெரியும்.

சுவரில் வந்தவர்கள்

எறியி செய்தது வகுப்புக்காக. குருதிச் சுற்றோட்டம், மின்காந்தம், எரிமலை எல்லாம் காட்டினோம். ஆனால் அதிகம் பேர் வந்து இருந்தது வேறொரு இரவில்.

2009 இல் எல்லாவற்றையும் விட்டு ஒரு பையோடு வெளியே வந்த குடும்பங்களிடம் படம் இல்லை. கலியாண அல்பம், பிறந்தநாள் படம், பாடசாலைப் படம் எல்லாம் பதுங்குகுழிகளில் போய்விட்டன. சிலரிடம் பிளாஸ்ரிக் உறையில் வைத்துக் காப்பாற்றிய அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும் இருக்கிறது. தேடுகிற பிள்ளையின் முகமென்று அதைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்னர் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பிய பிரதிகள் கனடாவிலும் லண்டனிலும் அலுமாரிகளில் இருக்கின்றன. ஊரில் ஒருவர் சொல்லி, அவர்கள் அவற்றைத் தொலைபேசியில் அனுப்பத் தொடங்கினார்கள். ஆறு அங்குலத் திரையில் ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் சுவரில் போட்டோம்.

தொண்ணூறுகளின் பரிசளிப்பு விழாப் படம் ஒன்று. நாற்பது முகம். தொலைபேசியில் பார்த்தபோது ஐந்து பேரைத்தான் அடையாளம் கண்டிருந்தார்கள். சுவரில் ஒவ்வொரு முகமும் கையகலம் வந்ததும், வயதானவர்கள் எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போனார்கள். அவர்களுடைய நிழல் படத்தில் விழுந்தது. இருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாம் வரிசையில் நிற்பது தன்னுடைய தம்பி என்று ஒரு அக்கா சொன்னார், அவனுடைய வேறு படம் அவரிடம் இல்லை. ஒருவர் கொப்பி எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார். முப்பத்தொரு பெயர் எழுதியபோது நேரம் பதினொன்று.

நீங்களும் செய்வதானால் தொழில்முறையில் இரண்டு விஷயம். தொலைபேசிச் செயலிகளில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும், முகங்கள் கரைந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். தபாலட்டை அளவுப் படத்தை 300 டி.பி.ஐ அளவில் ஸ்கான் செய்தால் இந்த எறியிக்குத் தாராளம், 600 இல் செய்தால் ஒரு முகத்தைத் தனியாகப் பெருப்பித்துக் காட்டவும் முடியும். மற்றது, திரையை ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். அடுத்த தரம் நாங்கள் அப்படித்தான் கட்டினோம், நிழல் விழவில்லை.

இரவில் ஆட்கள் கூடினால், என்ன படம், யார் ஒழுங்கு செய்தது என்று கேட்க எங்கள் பக்கத்தில் யாராவது வருவார்கள். எங்களிடமும் வந்தார்கள். அன்று ஓடியது தவளையின் வாழ்க்கை வட்டம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சனசமூக நிலையத்தின் பெயரில், நிர்வாகத்தின் தீர்மானத்தோடு செய்வது நல்லது. தனி ஆளாகப் பதில் சொல்லவேண்டி வராது.

எறியி இப்போது நிலையத்தின் வாசிகசாலை அலுமாரிக்குள் இருக்கிறது. எரிவாயு சிலிண்டர் மாதிரி நிறை, ஆகவே தூக்க இரண்டு பேர் வரவேண்டும். எடுக்கிறவர் பதிவுக் கொப்பியில் பெயர், திகதி, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று எழுதவேண்டும். திரையை மட்டும் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, சீனி மூடை பக்கத்தில் இல்லாத இடமாக வைக்கவேண்டும். எறும்பு நாடாக்களுக்குள் போய்விடும்.